சரணார்த்தியும் உத்வாஸ்துவும்

டில்லிக்கு வந்த புதிதில் நாம் குடியிருந்தது ராஜேந்திர நகரில், ஒரு மாடி அறையில். வீட்டுக்குச் சொந்தக்காரரான மூதாட்டியார் லாயல்பூர் ஜில்லாவில் பிறந்தவர். 1947ஆம் ஆண்டில், பத்து வயதுச் சிறுமியாக, பெற்றோருடன் எல்லையைத் தாண்டி வந்தவர். மொழிபெயர்ப்பு உத்தியோகம் பார்ப்பவன் என்ற மிடுக்கில், நமக்குத் தெரிந்த ஹிந்தியில் ஒரு நாள், "தாங்கள் சரணார்த்தியாக வந்தவர்கள் அல்லவா, மாதாஜி?" என்று கேட்டுவிட்டோம். அவர் முகம் சற்றே மாறிற்று. "சரணார்த்தி அல்ல, புருஷார்த்தி" என்று திருத்தினார். சரண் புகுந்தவர் அல்லர், தம் முயற்சியால் நிமிர்ந்தவர் என்பது பொருள். அந்தத் தலைமுறைப் பஞ்சாபியர் பலரும் தம்மை அவ்வாறே சொல்லிக்கொண்டனர் என்பதைப் பின்னர் அறிந்தோம்.

சில ஆண்டுகள் சென்றபின், அலுவலகத்தில் நமக்கு மூத்தவராயிருந்த வங்காளி நண்பர் ஒருவர் தம் தந்தையாரைப் பற்றிப் பேசுகையில் வேறொரு சொல்லை ஆண்டார். பரீசால் பக்கத்திலிருந்து 1950இல் வந்தவராம் அப் பெரியவர். கல்கத்தாவில் சொந்த வீடு கட்டி, பிள்ளைகளைப் படிக்கவைத்து, பேரனையும் பார்த்தபின்னும், தம்மை 'உத்வாஸ்து' என்றே சொல்லிக்கொண்டிருந்தாராம். வங்காளிகள் வாயில் அது 'உத்பாஸ்து' என்று ஒலிக்கும். வாஸ்து என்பது நமக்கும் பழக்கமான சொல்தான். மனையிலிருந்து பெயர்த்தெறியப்பட்டவன் உத்வாஸ்து.

நம் தமிழில் இருப்பது அகதி என்ற சொல், கதியற்றவன். 1942இல் பர்மாவிலிருந்து காட்டு வழியே நடந்து வந்த நம்மவரை அப்படித்தான் அழைத்தோம். ஆனால் மத்திய சர்க்காரின் காகிதங்களில் இச்சொற்கள் எவையும் இல்லை. 'டிஸ்பிளேஸ்ட் பர்ஸன்', அதாவது இடம் பெயர்க்கப்பட்டவர் என்பதே அங்கு வழங்கிய பெயர். ஒரே பிரிவினை, ஒரே சர்க்கார், காகிதத்தில் ஒரே பெயர். அவ்வாறிருக்க, ஒருவர் அகதி என்ற பெயரைச் சில ஆண்டுகளில் உதறி எறிந்ததும், மற்றவர் அரை நூற்றாண்டு அதைச் சுமந்ததும் ஏன்?

பஞ்சாபியர் உழைப்பாளிகள், வங்காளியர் குறை சொல்பவர்கள் என்ற விடை டில்லியில் எங்கும் கிடைக்கும். கரோல்பாகில் நம் தமிழன்பர்கள் வாயிலிருந்தே இதனைப் பலமுறை கேட்டிருக்கிறோம். பழைய சட்டங்களையும் உத்தரவுகளையும் வரிசையாக வைத்துப் படிப்பவர்க்கு இந்த விடை போதாது என்று புலப்படும்.

முதலில் மேற்கு எல்லை. 1947 ஆகஸ்டில் பஞ்சாப் பிளந்தபோது வெள்ளம்போல் வந்த மக்களைக் கண்டு சர்க்கார் திகைத்தது உண்மை. ஆனால் திகைப்பு நெடுநாள் நீடிக்கவில்லை. செப்டம்பர் முதல் வாரத்திலேயே நிவாரணத்துக்கும் புனர்வாழ்வுக்கும் என ஒரு தனி மந்திரி இலாகா அமைந்தது, கே. சி. நியோகி அதற்கு மந்திரியானார். மக்களை மீட்டுவரவென்று ராணுவத்தில் ஓர் அமைப்பு ஏற்பட்டது. ஆகஸ்ட் 27 முதல் நவம்பர் 6 வரை 673 ரயில்கள் சுமார் 28 லட்சம் பேரை ஏற்றிச் சென்றன. குருக்ஷேத்திரத்தில் எழுந்த கூடார நகரில் ஒரு கட்டத்தில் மூன்று லட்சம் பேர் இருந்தனர். அவர்களுக்கு நாள்தோறும் நூறு டன் மாவு வேண்டியிருந்தது. பாரதப் போர் நடந்ததாக நாம் படித்த அதே மண்ணில், இரவு வேளைகளில் திரை கட்டிக் குழந்தைகளுக்கு மிக்கி மவுஸ் படம் காட்டினார்களாம்!

உணவும் கூடாரமும் உயிரைக் காத்தன. வாழ்வைத் திருப்பித் தந்தது நிலப் பங்கீடு. மேற்குப் பஞ்சாபில் இந்துக்களும் சீக்கியரும் விட்டுவந்த நிலம் சுமார் 27 லட்சம் ஹெக்டேர். கிழக்குப் பஞ்சாபில் முஸ்லிம்கள் விட்டுச்சென்றது சுமார் 19 லட்சம் ஹெக்டேர். விட்டுவந்த நிலமோ கால்வாய்ப் பாசனமுள்ள நல்ல நிலம். கிடைத்ததில் பெரும்பகுதி வானம் பார்த்த பூமி. இந்தக் கணக்கைத் தீர்க்கும் பொறுப்பு தர்லோக் சிங் என்ற ஐ.சி.எஸ். அதிகாரியிடம் வந்தது. அவர் 'ஸ்டாண்டர்டு ஏக்கர்' என்றொரு அளவையை வகுத்தார். பத்துப் பதினோரு வடநாட்டு மணங்கு கோதுமை விளையும் நிலமே ஓர் ஏக்கர்; விளைச்சல் குறைந்தால் பரப்பு கூடும். அடுத்து வெட்டு விகிதம். பத்து ஏக்கர் வரை உரிமை உடையவனுக்குக் கால்பங்கு குறையும். ஐந்நூறு ஏக்கருக்கு மேல் வைத்திருந்த பிரபுவுக்கு, அந்த மேற்பட்ட பகுதியில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்கு போய்விடும். சுமார் ஐந்து லட்சம் விண்ணப்பங்கள் வந்தன. கிராமவாரியாக மக்களைக் கூட்டி, அண்டை வீட்டார் முன்னிலையில் அவற்றைச் சரிபார்த்தார்கள். 1949 நவம்பருக்குள் இரண்டரை லட்சம் பேருக்கு நிலம் ஒதுக்கியாயிற்று. நம் நாட்டு நிர்வாக வரலாற்றில் இதற்கு இணையாகச் சொல்லத்தக்க காரியங்கள் மிகச் சில.

நகரங்களிலும் அவ்வாறே. 1941இல் ஒன்பது லட்சத்துச் சொச்சமாயிருந்த டில்லியின் ஜனத்தொகை 1951இல் பதினேழு லட்சத்தைத் தாண்டிற்று. வந்து சேர்ந்தவர்களில் ஏறத்தாழ ஐந்து லட்சம் பேர் அகதிகள். படேல் நகர், லாஜ்பத் நகர், மாளவியா நகர் என்று நாம் இன்று பஸ்ஸில் கடந்து செல்லும் பேட்டைகள் அவர்களுக்காக எழுந்தவையே. கான் மார்க்கெட்டின் முதல் கடைக்காரர்கள் வடமேற்கு எல்லை மாகாணத்திலிருந்து வந்தவர்கள். பம்பாய்த் தமிழன்பர்கள் கல்யாணுக்கு அப்பால் காணும் உல்லாஸ்நகர், சிந்திகளுக்காக ராணுவ முகாமில் தோன்றிய நகரம். 1949 ஆகஸ்டில் அதைத் தொடங்கி வைத்தவர் அப்போது கவர்னர் ஜெனரலாயிருந்த நம் ராஜாஜி. 1954ஆம் ஆண்டுச் சட்டம், விட்டுவந்த சொத்துக்கு நஷ்டஈடு பெறும் உரிமையை உறுதியாக்கிற்று.

இந்த நஷ்டஈட்டுக்கு முக்கிய மூலதனம் எது என்பதை மறைக்கலாகாது. ஓடிப்போன முஸ்லிம்களின் வீடும் நிலமுமே அது. பயந்து டில்லியின் பழைய கோட்டையிலும் ஹுமாயூன் சமாதியிலும் சில வாரம் தங்கி, திரும்பிவந்து பார்த்தபோது தம் வீட்டில் வேறொருவர் குடியிருக்கக் கண்ட டில்லி முஸ்லிம்களும் உண்டு. ஒருவன் வாஸ்து மற்றவனுக்கு ஆயிற்று. எனினும் சர்க்காரின் எண்ணத்தில் ஒரு தெளிவு இருந்தது: வந்தவர் திரும்பப் போகமாட்டார்; போனவரும் திரும்ப வரமாட்டார்.

கிழக்கு எல்லையில் இந்தத் தெளிவு இல்லை. அங்கு கலவரமும் வேறு விதமாயிருந்தது. பஞ்சாபில் சில மாதங்களில் முடிந்தது, வங்காளத்தில் அலை அலையாகப் பல்லாண்டு நீடித்தது. கிழக்கு வங்காளத்து இந்துக்கள் தத்தம் ஊரிலேயே இருப்பதுதான் நல்லது, வந்தவரும் அமைதி ஏற்பட்டதும் திரும்பிவிடுவர் என்று டில்லி நம்பிற்று. ஆகவே அளித்தது நிவாரணம்தான், புனர்வாழ்வு அன்று. மேற்கு வங்க சர்க்காரும் 1948லேயே வாசலைச் சாத்தப் பார்த்தது. ஜூன் 25ஆம் தேதிக்குப் பின் வந்தவர் அகதி ஆகார் என்றும், உடல் வலிமையுள்ள ஆடவர்க்கு ஒரு வாரத்துக்கு மேல் இலவச உதவி இல்லை என்றும் உத்தரவுகள் பிறந்தன. 1949 டிசம்பரில் மேற்கு வங்க முதன் மந்திரி டாக்டர் பிதான் சந்திர ராய் பிரதமர் நேருவுக்குக் கணக்குப் போட்டு எழுதினார். பதினாறு லட்சம் அகதிகளுக்கென மத்திய சர்க்கார் இரண்டு ஆண்டுகளில் தந்த மானியம், தலைக்குச் சுமார் இருபது ரூபாய்!

1950 தொடக்கத்தில் பரீசாலிலும் குல்னாவிலும் கலவரம் மூண்டு பெருங்கூட்டம் வந்தது. நேருவும் பாகிஸ்தான் பிரதமர் லியாகத் அலிகானும் ஏப்ரல் 8ஆம் தேதி உடன்படிக்கை செய்துகொண்டனர். டிசம்பர் 31ஆம் தேதிக்குள் ஊர் திரும்புவோர்க்கு வீடும் நிலமும் மீட்டுத் தரப்படும், திரும்பாதவர்க்கும் சொத்தின்மீது உரிமை நீங்காது என்பது அதன் முக்கிய ஷரத்து. இதனை ஏற்க மனமின்றி சியாமா பிரசாத் முகர்ஜியும், அகதிகளுக்கு முதல் மந்திரியாயிருந்த நியோகியும் மந்திரிசபையிலிருந்து விலகினர். உடன்படிக்கையின் மறுபக்கத்தையும் எண்ணிப் பார்க்கவேண்டும். விட்டோடியவர் சொத்தைக் கைப்பற்றும் 1950ஆம் ஆண்டுச் சட்டம் மேற்கு வங்கத்துக்கும் அஸ்ஸாமுக்கும் திரிபுராவுக்கும் விரிக்கப்படவில்லை. விரித்திருந்தால் அங்குள்ள முஸ்லிம் குடியானவர் லட்சக்கணக்கில் வேரோடு பெயர்ந்திருப்பர். நேரு தடுக்க விரும்பியது அதையே. அந்த அளவில் அவர் நோக்கம் குறைகூறத் தக்கதன்று என்பதே நம் கருத்து.

ஆனால் ஒருவன் உரிமை காகிதத்தில் அழியாதிருப்பதும், அவன் கையில் ஒரு பிடி மண் இருப்பதும் ஒன்றல்லவே! பஞ்சாபி விட்டுவந்த நிலம் அவனை விட்டு நீங்கிற்று. அதனால் அதற்கு ஈடு கிடைத்தது. வங்காளி விட்டுவந்த நிலம் சட்டப்படி அவனுடையதாகவே இருந்தது. அதனால் அவனுக்கு ஈடில்லை. 1951 ஜனக்கணக்கின்படி நாட்டில் இருந்த அகதிகள் ஏறத்தாழ 73 லட்சம். அவர்களில் மேற்கிலிருந்து வந்தவர் சுமார் 47 லட்சம். கிழக்கிலிருந்து வந்தவர் 25 லட்சம். மேற்கின் கணக்கு அத்துடன் ஏறக்குறைய முடிந்தது. கிழக்கின் கணக்கு அப்போதுதான் வளரத் தொடங்கியிருந்தது. 1952 அக்டோபரில் பாஸ்போர்ட் முறை வரப்போகிறதென்று கேட்டதும், கதவு மூடுமுன் நுழைந்துவிட வேண்டுமென்று மற்றொரு கூட்டம் வந்தது. 'திரும்பிவிடுவார்கள்' என்ற நம்பிக்கை பொய்த்தது எல்லோர்க்கும் தெரிந்தபின்னும், அதன்மீது கட்டிய ஏற்பாடுகளைச் சர்க்கார் மாற்றிக்கொள்ளவில்லை. நம்பியதைக் காட்டிலும் இதுவே பெரும்பிழை என்று தோன்றுகிறது.

கையில் சிறிது பொருளும் படிப்பும் உடையவர்கள் சர்க்காருக்குக் காத்திராமல் தாமே வழிதேடினர். கல்கத்தாவில் லேக் மார்க்கெட் அருகே வாழும் நம்மவர் தெற்கே சிறிது தூரம் சென்றால் காணும் விஜயகட், ஆஸாத்கட், நேதாஜி நகர் முதலிய பேட்டைகள் அவ்வாறு எழுந்தவை. இரவோடிரவாகக் காலி நிலத்தில் மூங்கில் நட்டு ஓலை வேய்ந்து, விடிவதற்குள் குடும்பத்தோடு உட்கார்ந்துவிடுவார்கள். 1950 முடிவதற்குள் இத்தகைய பேட்டைகள் 149 ஆயின. அவர்களை வெளியேற்ற ராஜ்ய சர்க்கார் ஒரு மசோதா கொண்டுவந்தது. கிளர்ச்சி வலுத்தது. 1951இல் அது சட்டமானபோது தலைப்பில் 'வெளியேற்றம்' என்ற சொல்லுக்கு முன்னால் 'புனர்வாழ்வு' என்ற சொல் வந்து அமர்ந்திருந்தது! தெருவில் நின்ற மக்கள் ஒரு சட்டத்தின் பெயரைத் திருத்திய செய்தி, சொற்களைக் கட்டி மேய்க்கும் நமக்கு மிகவும் பிடித்தமானது.

அத்தகைய வலிமை இல்லாதவர் ஸியால்டா ரயில் நிலையத்தின் பிளாட்பாரங்களில் கிடந்தனர். அங்கிருந்து ராணாகாட்டின் கூப்பர் முகாம், துபுலியா முகாம் என்று அனுப்பப்பட்டனர். பெரும்பாலோர் நாமசூத்திர வகுப்பைச் சேர்ந்த ஏழை உழவர். முகாமில் 'டோல்' என்ற சிறு படிப்பணம் உண்டு, உழ நிலமில்லை. உழைக்கத்தக்க ஆடவர் இல்லாத குடும்பத்தினர், அதாவது விதவைகளும் முதியோரும் ஊனமுற்றோரும், தனி முகாம்களில் வைக்கப்பட்டனர். அம்முகாம்களுக்கு 'பர்மனென்ட் லயபிலிட்டி' முகாம்கள் என்று பெயர். பழைய அறிக்கை ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தபோது இத்தொடரைத் தமிழாக்க முயன்று அரைநாள் உட்கார்ந்திருந்தோம். நிரந்தரப் பொறுப்பு என்றால் கனிவாக ஒலிக்கிறது. கணக்கர் பொருளில் பார்த்தால் 'தீராக் கடன்' என்பதே சரி. கணவனை இழந்து, குழந்தையை இடுப்பில் இடுக்கி எல்லை கடந்த பெண் ஒருத்திக்கு, அவளை ஏற்றுக்கொண்ட நாடு பேரேட்டில் எழுதிய பெயர் அது.

ஐம்பதுகளின் பிற்பகுதியில் மேற்கு வங்கத்தில் இனி இடமில்லை என்ற முடிவு ஏற்பட்டது. 1958இல் தண்டகாரண்யத் திட்டம் பிறந்தது. இராமகாதை கேட்டவர்க்கு அறிமுகமான வனம். அன்றைய மத்தியப் பிரதேசத்தின் பஸ்தர், அன்றைய ஒரிஸ்ஸாவின் கோராபுட், காலாஹண்டி ஜில்லாக்களில் பரந்து கிடந்தது. முகாம்களை மூடிவிடுவதென்றும், தண்டகாரண்யம் செல்ல மறுப்போர்க்கு ஆறு மாதப் படியைக் கையில் கொடுத்து அனுப்பிவிடுவதென்றும் தீர்மானமாயிற்று. காட்டைத் திருத்தி, குடும்பத்துக்கு ஆறு ஏழு ஏக்கர் நிலம், வீடு கட்டக் கடன், மாடு, விதை எல்லாம் தருவதாகத் திட்டம். அங்கே காலங்காலமாக வாழ்ந்துவந்த ஆதிவாசிகளின் சம்மதத்தை யாரும் முன்னதாகக் கேட்டதாகத் தெரியவில்லை.

சென்றவர்கள் எத்தகையவர் என்பதை நினைக்கவேண்டும். ஆறும் கால்வாயும் வீட்டுப் படியைத் தொடும் நாட்டில், வண்டல் மண்ணில் நெல்லும் சணலும் விளைத்தவர்கள். படகை வண்டியாகக் கொண்டவர்கள். நம் தஞ்சைக் கடைமடை விவசாயியைக் கொண்டுபோய்ச் சரளைமண் மேட்டில் இறக்கிவிட்டு, பயிர் செய் என்றால் எப்படியோ அப்படி. மழைநீர் நில்லாது ஓடிவிடும்; கிணறு தோண்டினால் பாறை. 1964இல் சில மாதங்கள் தண்டகாரண்ய அதிகார சபையின் தலைவராயிருந்து விலகிய சைபால் குமார் குப்தா, மறு ஆண்டு 'எகனாமிக் வீக்லி' இதழில் இக்குறைகளை விவரமாக எழுதினார். கொடுத்த நிலத்தில் குடும்பம் பிழைக்க இயலாது என்பதை ஓர் உயர் அதிகாரியே ஒளிவின்றி எழுதியது அந்நாளில் சாமானியமன்று.

அந்த 1964ஆம் ஆண்டில்தான் குல்னாவிலும் டாக்காவிலும் மீண்டும் கலவரம் மூண்டு, புதிய கூட்டம் வந்து ராய்ப்பூர் அருகேயுள்ள மானா முகாமை நிரப்பிற்று. இதற்குள் சர்க்கார் அகதிகளைத் தேதிவாரியாகப் பிரித்து வைத்திருந்தது. 1958 மார்ச் 31க்குள் வந்தவர் 'பழைய குடியேறியோர்'. 1964 ஜனவரி முதல் தேதியிலிருந்து 1971 மார்ச் 25 வரை வந்தவர் 'புதிய குடியேறியோர்'. மேற்கு வங்கத்தை விட்டு வெளியே செல்லச் சம்மதித்தால்தான் அவர்களுக்கு உதவி. இரண்டுக்கும் நடுவில் வந்தவர் இடைப்பட்டவர். அவர்களுக்கு ஒன்றுமே இல்லை. அண்ணன் மார்ச்சில் வந்து, தம்பி ஏப்ரலில் வந்திருந்தால், சர்க்காரின் கண்ணில் ஒருவன் அகதி, மற்றவன் அகதியல்லன்.

1971இல் நேர்ந்தது யாவரும் அறிந்தது. டிசம்பரில் சர்க்கார் கணக்கில் இருந்த அகதிகள் 98,99,305 பேர், முகாம்கள் 825. இம்முறை அவர்கள் திரும்பியே ஆகவேண்டும் என்பதில் டில்லி உறுதியாயிருந்தது. வங்கதேசம் பிறந்ததும் சில மாதங்களில் மிகப் பெரும்பாலோர் திரும்பியும் போயினர். அந்தச் செலவில் தமிழனுக்கும் பங்குண்டு. 1971 நவம்பர் 15ஆம் தேதி முதல் 1973 மார்ச் முடிய, தபாலில் போடும் ஒவ்வொரு கடிதத்துக்கும் ஐந்து பைசா அகதி நிவாரண வில்லை ஒட்டவேண்டியிருந்தது. தனி வில்லைகள் வந்துசேருமுன், குடும்பக் கட்டுப்பாட்டு வில்லைகளின்மேலேயே 'அகதி நிவாரணம்' என்று அச்சிட்டு விற்றார்கள். டில்லியிலிருந்து நம் பெரியப்பா கும்பகோணத்துக்கு எழுதிய கடிதங்களின் உறைகளில் அவற்றை இன்றும் காணலாம்.

லட்சம், கோடி என்று பேசப்பட்ட அந்த ஆண்டுகளில் தண்டகாரண்யத்து மக்களை யாரும் நினைக்கவில்லை. எதிர்க்கட்சியாயிருந்தபோது, அகதிகளை வங்காளத்துக்கு வெளியே அனுப்பலாகாது என்று போராடிய இடதுசாரிக் கட்சிகள் 1977இல் கல்கத்தாவில் ஆட்சிக்கு வந்தன. அவ்வளவுதான், 1978இல் நிலத்தையும் வீட்டையும் விற்று, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் கிழக்கு நோக்கிப் புறப்பட்டுவிட்டனர். பலரை வழியிலேயே மடக்கித் திருப்பினார்கள். சுமார் முப்பதாயிரம் பேர் சுந்தரவனத்தில் மரிச்ஜாபி என்ற தீவை அடைந்து, தாமே கரை கட்டி, பள்ளி வைத்து, படகுத்துறை அமைத்துக் குடியேறினர். சர்க்காரிடம் அவர்கள் கேட்டது, தம்மை அங்கே இருக்கவிட வேண்டும் என்பது ஒன்றே. அது பாதுகாக்கப்பட்ட காடு, புலிகளுக்கு உரியது என்றது சர்க்கார். 1979 ஜனவரியில் தீவைச் சுற்றிப் போலீஸ் படகுகள் நின்றன. அரிசியும் குடிநீரும் தடைப்பட்டன. 31ஆம் தேதி துப்பாக்கிப் பிரயோகம் நடந்தது. மே மாதம் குடிசைகளுக்குத் தீவைத்து, எஞ்சியவரை ஏற்றித் திருப்பி அனுப்பினர். இறந்தவர் தொகையைப் பற்றிச் சர்க்கார் சொன்னதும் தப்பியவர் சொன்னதும் இன்றுவரை ஒத்துவரவில்லை.

திரும்பியவர்கள் அந்தச் சரளை மண்ணிலேயே ஊன்றினார்கள். பிற்காலத்தில் அணைகளும் வாய்க்கால்களும் ஓரளவு வந்தன. இன்று மல்கான்கிரியிலும் உமர்கோட்டிலும் பக்காஞ்சூரிலும் சந்தைக்குச் சென்றால் வங்காளி மீன்காரரைக் காணலாம். துர்க்கா பூஜையும் நடக்கிறது. ஊர்கள்தாம் வியப்பளிப்பவை. காட்டைத் திருத்தி வரிசையாகக் கிராமங்களை வகுத்தபோது, அவற்றுக்குப் பெயரிட நேரமில்லாமலோ மனமில்லாமலோ, திட்ட அதிகாரிகள் எண்ணிட்டு விட்டார்கள். மல்கான்கிரியில் எம்.வி. 1, எம்.வி. 2 என்று போகும். பரல்கோட் பகுதியில் பி.வி.; உமர்கோட்டில் யு.வி. எம் என்பது மல்கான்கிரி, வி என்பது கிராமம் என்பதைக் குறிக்கும் ஆங்கில எழுத்து. ஜனக்கணக்குப் பட்டியலிலும் அவ்வாறே பதிவாகியிருக்கிறது. அங்கு பிறந்து வளர்ந்த மூன்றாம் தலைமுறைப் பிள்ளையிடம் உன் ஊர் எது என்று கேட்டால், எழுத்தும் எண்ணுமாகத்தான் சொல்கிறான். கடிதமும் அந்த எண்ணுக்கே போய்ச் சேருகிறது.